பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ஓர் ஆணி

ஒடுகத்தூர் தாண்டி, ஜவ்வாது மலை கண்ணெதிரே நிற்கிற ஒரு ஊரில் என் பெரியப்பா வீடு. அந்த வீட்டுத் திண்ணைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய ஆணி இருக்கிறது. 42 வருஷம் அதில் ஒரு சிவப்புத் தகரப் பலகை தொங்கியது, கிளை அஞ்சலகம் என்று. பலகையைக் கழற்றிப் பல வருஷமாகிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பையன் ஆணியைப் பிடுங்கப் போனான். பெரியப்பா விடவில்லை. "சொவுரு பேத்துக்கும்டா, உடு" என்றார். சுவர்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்து நான் பார்த்ததில்லை.

திண்ணையை ஒட்டிய அறைதான் தபாலாபீஸ். அரசாங்கம் கட்டிக் கொடுத்த இடமில்லை. கிளை அஞ்சலகத்துக்கு போஸ்ட்மாஸ்டராக வருகிறவர் இடத்தையும் அவரே காட்ட வேண்டும் என்பது துறையின் விதி. இன்னொரு விதியும் உண்டு: பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலக்கடலைக் காடு இருந்தது. எனவே காலையில் காடு, பத்து மணிக்கு மேல் தபாலாபீஸ், மூன்று மணிக்கு மேல் மறுபடி காடு. கடலை பறிக்கிற நாட்களில் செம்மண் அப்பிய விரலோடு பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டிருப்பார். ஊரில் பாதிப் பேர் பாஸ்புக்கில் அந்தச் செம்மண் ரேகை இருக்கும்.

பள்ளிக்கூட லீவுக்குப் போனால் எனக்குப் பிடித்த வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. சின்னச் சின்ன எழுத்துக் கட்டைகள். முந்தின நாள் மையை பழைய பனியன் துணியால் துடைத்து, நேற்றைய நாளை எடுத்து இன்றைய நாளைச் செருக வேண்டும். தலைகீழாகச் செருகிவிட்டால் தெரிந்துவிடும். ஏனென்றால் முதல் குத்து கடிதத்தில் இல்லை, ஒரு நோட்டில். அந்த நோட்டில் நாளுக்கு ஒன்றாக வட்டமான முத்திரைகள், வருஷக்கணக்கில், வரிசையாக. பதினொரு மணி பஸ்ஸில் பை வந்ததும் அரக்கை உடைத்து, கொட்டி, பிரித்து, மைப்பேடில் ஒரு தட்டு, கடிதத்தில் ஒரு தட்டு. அந்த இரட்டைத் தாளத்தைக் கேட்டுத்தான் ஆட்கள் திண்ணைக்கு வந்து சேருவார்கள்.

நான் வேலூரில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். லாப நட்டக் கணக்கைப் பார்த்தால் அதில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது தொழில் புத்தி. 2019 ஏப்ரல் வாக்கில் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு செய்தி வந்தது. 2018-19 நிதியாண்டில் இந்திய அஞ்சல் துறைக்கு சுமார் 15,000 கோடி ரூபாய் நட்டம். ஏர் இந்தியாவையும் பிஎஸ்என்எல்லையும் விட அதிகம். கூடவே எல்லாரும் எடுத்துப் போட்ட ஒரு துணுக்கு: 50 காசு போஸ்ட் கார்டு ஒன்றுக்குத் துறைக்கு ஆகிற செலவு 12 ரூபாய் 15 காசு.

அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். "பன்னெண்டு ரூவாயா? எந்த மடப்பய கணக்கு போட்டான்?" என்றார்.

கணக்கு போட்டவர் மடையர் இல்லை. ஆனால் அந்த 12 ரூபாய் 15 காசு என்பது நாம் நினைக்கிற மாதிரியான செலவும் இல்லை. ஒடுகத்தூர் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல், டிரைவர், கண்டக்டர், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 1,200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் ஏறினால் தலைக்கு 20 ரூபாய். பத்து பேர் ஏறினால் தலைக்கு 120. அந்தப் பத்துப் பேரில் ஒரு கிழவி இறங்கி நடந்து போனால் போக்குவரத்துக் கழகத்துக்கு 120 ரூபாய் மிச்சமாகுமா? மீதி ஒன்பது பேரின் 'செலவு' தலைக்கு 133 ஆகும், அவ்வளவுதான். தபாலும் அப்படி. தபால்காரர் அந்தத் தெருவுக்கு எப்படியும் போகத்தான் போகிறார், கையில் நாற்பது கடிதம் இருந்தாலும் நாலு இருந்தாலும். அவர் சம்பளத்தைக் கடித எண்ணிக்கையால் வகுத்தால் கடிதம் குறையக் குறைய ஒவ்வொரு கடிதமும் பொன்விலைக்கு ஏறும். போஸ்ட் கார்டை நாளைக்கே ஒழித்தாலும் கார்டுக்கு 12 ரூபாய் வீதம் கஜானாவுக்குத் திரும்பி வராது.

ஆகவே அந்தத் துணுக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத்தான் தந்தது. நட்டத்துக்குக் காரணம் ஏழை வாங்கும் 50 காசு கார்டு என்கிற மாதிரி ஒரு எண்ணத்தை அது விதைத்துவிட்டுப் போகிறது.

இன்னொரு விஷயம், இது வெளியில் பலருக்குத் தெரியாது. கிராமத்துக் கிளை அஞ்சலகம் லாபத்துக்காகத் திறக்கப்படுவதே இல்லை. திறப்பதற்கான விதியே அப்படி. சமவெளிக் கிராமம் என்றால் எதிர்பார்க்கும் வருமானம் செலவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். மலைப் பகுதி, பழங்குடிப் பகுதி, பாலைவனம் என்றால் 15 சதவீதம் போதும். அதாவது கீழே எங்கள் ஊரில் நூறு ரூபாய் செலவுக்கு 33 ரூபாய், மேலே மலைக்கு ஏறினால் 15 ரூபாய். மீதி நட்டம், எழுதி வைத்த நட்டம். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலே தபாலாபீஸ்கள், பத்தில் ஒன்பது கிராமங்களில். அவை ஒவ்வொன்றிலும் தெரிந்தே ஒரு ஓட்டை போட்டுவிட்டு, வருஷக் கடைசியில் குடம் நிறையவில்லையே என்று கேட்பது என்ன நியாயம்?

இதற்கு வேர் ரொம்பப் பழசு. 1854-ல் கும்பினி ஆட்சியில் தபால் கட்டணத்தைச் சீரமைத்தபோது தூரத்தைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து, அரை அணாவுக்கு நாடு முழுக்கக் கடிதம் போகும் என்று வைத்தார்கள். வேலூர்க் கோட்டை எதிரே போட்ட கடிதம் தோட்டப்பாளையத்துக்குப் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் ஒரே காசு. பக்கத்துத் தெருக்காரன் தூரத்து ஊர்க்காரனுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறான், தெரியாமலே. நட்டம் என்று இன்று நாம் சொல்வதில் ஒரு பகுதி அன்றைக்கே முடிவானது.

தபாலாபீஸ் காசு பார்த்த காலமும் உண்டு. வட ஆற்காட்டில் அதற்குப் பெயர் மணியார்டர். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்பதால் மிலிட்டரிப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். அந்த ஊர் மட்டுமில்லை, சுத்துப்பட்டுக் கிராமங்களிலும் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. மாதம் பிறந்து பத்து தேதிக்குள் '56 ஏ.பி.ஓ.' என்று பட்டாளத்துத் தபாலாபீஸ் பெயர் போட்ட மணியார்டர்கள் வரும். நூறு ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன். அடியில் ஒரு சின்ன கூப்பன், நாலு வரி எழுத இடம். 'நலம். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கவும். தம்பியை அடிக்க வேண்டாம்' என்று ஒரு கூப்பனைப் பெரியப்பா உரக்கப் படித்துக் காட்டியது எனக்கு இன்னும் ஞாபகம். எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கு அவர்தான் படிப்பார், அவர்தான் பதிலும் எழுதுவார். பதில் எழுதியதற்கு முருங்கைக்காய் வரும்.

டவுனில் வேறு மாதிரி மணியார்டர். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டு லாட்ஜுகளில் பெங்காலிக்காரர்கள் மாசக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்ப்பார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் பெங்காலி எழுத்துப் பலகைகள்தான் கண்ணில் படும். ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிப் போனால் கையிருப்பு கரையும். ஊரிலிருந்து நிலத்தை அடகு வைத்தோ பசுவை விற்றோ அனுப்பும் பணம் மணியார்டராக வர வேண்டும். தபால்காரர் வருகிற நேரத்துக்கு லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்களாம். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அந்த பீட்டில், அதாவது அவர் கடிதம் கொடுக்கிற தெருக்களில், போய்ப் போய் பெங்காலியில் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டவர்.

முதியோர் உதவித்தொகையும் அப்போது மணியார்டரில்தான் வந்தது. கிழவிகளிடம் டீ செலவு என்று பத்து இருபது பிடித்துக்கொண்ட தபால்காரர்களும் இருந்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போனது. பட்டாளத்துக்காரர் சம்பளமும் வங்கிக்குப் போனது. செல்போனில் பணம் அனுப்புகிற காலம் வந்தது. நூற்றுக்கு ஐந்து கொடுத்த வியாபாரம் கரைந்தது. செலவு கரையவில்லை. 2015-ல் பழைய முறை மணியார்டரே நிறுத்தப்பட்டது. 1880-ல் தொடங்கியது, 135 வருஷம்.

கடிதம் போய், மணியார்டர் போய், எது மிச்சம்? என் அம்மாவிடம் கேட்டால் சொல்வார்: சேமிப்பு.

அம்மா கொசப்பேட்டையில் இருபத்தைந்து வருஷம் சிறுசேமிப்பு ஏஜெண்ட். மாலை நாலரைக்கு ஒரு ரெக்ஸின் பையும் குடையுமாகக் கிளம்பினால் ஏழரைக்குத் திரும்புவார். இட்லிக் கடை, டெய்லர், பூ கட்டுகிறவர்கள், கறிக்கடை பாய் வீடு, ஆசிரியர் குடியிருப்பு. ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் சேமிப்பு, அப்போது மாதம் 10 ரூபாயிலிருந்து கட்டலாம். இப்போது குறைந்தது 100. அறுபது மாதம் கட்ட வேண்டும். பூக்காரம்மாள் தினம் ஐந்து பத்தாகக் கொடுப்பார். அம்மா அதை மனக்கணக்கிலும் ஒரு குயர் நோட்டிலும் சேர்த்து மாதம் ஒருமுறை கட்டுவார். மல்லி வாசம் அடிக்கிற ஈர நோட்டுகள். அவற்றை விசிறிக்கு அடியில் பரப்பிக் காயவைத்து அடுக்குவது என் வேலை, என் தங்கையின் வேலை.

அம்மாவுக்குக் கமிஷன் நூற்றுக்கு 4. மாதம் 15-ம் தேதியும் கடைசித் தேதியும் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. கணக்கு மாதத்தின் முதல் பாதியில் தொடங்கியிருந்தால் 15-க்குள் கட்ட வேண்டும், பிந்தியிருந்தால் மாதக் கடைசிக்குள், தவறினால் அபராதம். ஏஜெண்டுகள் எல்லாரும் அன்றைக்குத்தான் போய் நிற்பார்கள். கவுண்டருக்கு உள்ளே ஒருத்தர், வெளியே முப்பது பேர். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தபின் 'சர்வர் டவுன்' என்ற சொல் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிப்போனது. ஒரு 15-ம் தேதி மாலை வரை சர்வர் வராமல், அபராதத்தை அம்மா கைக்காசில் கட்டினார். வாடிக்கையாளரிடம் கேட்க மனசு வரவில்லை. அந்த மாதக் கமிஷனில் பாதி போயிற்று. எந்த ஆபீஸ் என்று சொல்லி இப்போது என்ன ஆகப் போகிறது?

இப்படிச் சேர்கிற பணம் தபால் துறையின் பணம் இல்லை. இதை நான் ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். 1999-ல் தேசிய சிறுசேமிப்பு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆர்.டி., செல்வமகள், மாத வருமானத் திட்டம், முதியோர் சேமிப்பு எல்லாம் அந்த நிதிக்குப் போகும். அங்கிருந்து அரசாங்கங்கள் கடனாக எடுத்துக்கொள்ளும். தபால் துறைக்குக் கிடைப்பது கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று நிதி அமைச்சகம் கொடுக்கிற கூலி. அந்தக் கூலிதான் துறையின் வருமானத்தில் பெரும் பங்கு. அதாவது கடிதம் கொடுக்கிற துறை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, வருமானக் கணக்கில் பார்த்தால் இன்னொருவருக்காகச் சீட்டுப் பிடித்துக் கொடுக்கிற துறை. கூலி எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது கூலி கொடுக்கிறவர். அதைக் கூட்டினால் நட்டம் குறையும், குறைத்தால் கூடும். இந்த இடத்தில் ஒரு கணக்கப்பிள்ளைக்கு இயல்பாக வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே போகிறேன்.

அந்தக் கூலியில் சேராத ஒன்றும் இருக்கிறது. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிதி நிறுவனம் மாதம் எட்டு, பத்து வட்டி என்று சொல்லி வடக்கு மாவட்டங்கள் முழுக்கப் பணம் வாங்கி, 2022-ல் கவிழ்ந்தது. பேர் வேண்டாம், இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அம்மாவின் வாடிக்கையாளர்கள் ஒன்பது பேர் ஆர்.டி.யை முறித்து அங்கே போட்டார்கள். "ஆயிரத்துக்கு மாசம் நூறு குடுக்கறாங்கம்மா, போஸ்டாபீஸ்ல வருசத்துக்கே அவ்ளோ வராதே" என்று டெய்லர் சொன்னார். அம்மா, "அதான் பயமா கீது" என்று மட்டும் சொன்னார். டெய்லர் தங்கையின் கல்யாணப் பணமும் சேர்ந்து போயிற்று. அதற்கப்புறம் அவர் மறுபடி மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டார். பூக்காரம்மாளோ அசையவே இல்லை. மெஷின் முத்திரை விழுந்த பாஸ்புக் இருந்தால் போதும் அவருக்கு. அவரைப்போல் தப்பியவர்களின் பணம் எவ்வளவு என்று எந்த ஆண்டறிக்கையிலும் ஒரு வரியும் வராது.

சரி, நட்டத்துக்கு வருவோம். 2015-16-ல் சுமார் 6,000 கோடியாக இருந்தது அடுத்த வருஷமே சுமார் 12,000 கோடியாக இரட்டித்தது. அந்த ஒரு வருஷத்தில் மக்கள் திடீரென்று பாதிக் கடிதத்தை நிறுத்திவிட்டார்களா? இல்லை. ஏழாவது ஊதியக் குழு. சம்பளமும் ஓய்வூதியமும் ஒரே மூச்சில் ஏறின. 15,000 கோடி நட்டச் செய்தியிலேயே இருந்தது: சம்பளம், படிகளுக்கு ஏறக்குறைய 16,600 கோடி, ஓய்வூதியத்துக்கு 9,800 கோடியை ஒட்டி. மத்திய அரசின் பெரும்பாலான துறைகளில் ஓய்வூதியம் பொதுக் கணக்கில் போய்விடும். தபால், ரயில்வே மாதிரி சில துறைகளில் மட்டும் அந்தந்தத் துறையின் செலவிலேயே ஏறும். இப்போது வேலை செய்கிறவர்களின் உழைப்பில் வருகிற காசு, எப்போதோ ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தையும் சுமக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது. 2006-ல் ஒரு சட்டம் போட்டு, ஊழியர்களின் ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே வருஷத்துக்கு 550 கோடி டாலர் வாக்கில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். தபால் துறை நட்டம், நட்டம் என்று பதினைந்து வருஷம் கத்திவிட்டு 2022-ல் அந்த விதியைத் தூக்கினார்கள்.

ஓய்வூதியம்தான் துறையை அமுக்குகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்: "யாருக்குடா பென்சன்?"

வாயடைத்துப் போனேன். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. 42 வருஷம் வேலை செய்து, 65 வயதில் இறங்கியபோது ஒரு தொகை கொடுத்தார்கள். மாதாமாதம் எதுவும் இல்லை. அவர் இ.டி., அதாவது துறைக்குப் புறம்பான ஆள். இப்போது பெயரை மாற்றி கிராமின் டாக் சேவக், ஜி.டி.எஸ். என்கிறார்கள். கிராமத்து வாத்தியாரையோ கடைக்காரரையோ பிடித்து, ஒரு சின்ன படியைக் கொடுத்து, தபாலையும் பாருங்கள் என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. 1977-ல் உச்ச நீதிமன்றம் இவர்களும் அரசின் கீழ் சிவில் பதவி வகிப்பவர்கள்தான் என்று சொன்னது. அதனால் விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான். மற்ற ஊழியர்களுக்கான சம்பளமோ ஓய்வூதியமோ வரவில்லை. நாடு முழுக்க இப்படி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், நிரந்தர ஊழியர்களைவிட அதிகம். கணக்குப்படி நாளைக்கு நாலு மணி நேரம், ஐந்து மணி நேர வேலை. 2018-ல் படியை உயர்த்தியபோதும் நாலு மணி நேரக் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு அடிப்படை 12,000. பெரியப்பா கடைசியாக வாங்கியது ஆறாயிரத்துச் சொச்சம்.

ஒரு மணியார்டர் பணத்தை இரவலாக எடுத்திருந்தால்கூட வேலை போயிருக்கும். கையிருப்பு இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு உண்டு. மாசக் கடைசியில் முதியோர் பணம் கொடுக்க ஐம்பதாயிரம், அறுபதாயிரம் வரும். அன்றிரவு அந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பார். பெரியம்மா இதை இப்போதும் திட்டிக்கொண்டேதான் சொல்வார்.

அதனால் தபால் துறை என்றாலே நெகிழ்ந்து உருகுகிற கூட்டத்தில் நான் இல்லை. வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் என்னிடம் ஒரு கதை இருக்கிறது. போன வருஷம் என் மகளின் சான்றிதழ் ஸ்பீடு போஸ்டில் வர வேண்டியது. மூன்றாம் நாள் கணினியில் பார்த்தால் 'வீடு பூட்டியிருந்தது, திருப்பப்பட்டது' என்று இருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் போர் மோட்டார் ரிப்பேர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவு அகலத் திறந்து, வாசலில் மூன்று பேர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக ஆபீசுக்குப் போனேன். அந்தத் தபால்காரரைப் பார்த்ததும் பாதிக் கோபம் போயிற்று. அவருக்கு இரண்டு பீட். ஒரு பீட்டுக்காரர் ஓய்வு பெற்றுப் பத்து மாதமாக ஆள் போடவில்லை. "சார், முடியாத தெருவுக்கு அப்படித்தான் போடச் சொல்லுது மெஷினு. 'போகல'ன்னு போட பட்டனே இல்ல சார்" என்றார். உண்மையோ என்னவோ. மீதிப் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது.

2025-லிருந்து பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று இல்லை. ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ரிஜிஸ்டர் போஸ்ட் வந்தது என்றால் முகம் வெளுக்கிற தலைமுறை நாங்கள். அது போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. ஆனால் முன்பு 26 ரூபாய்க்குப் போன சின்னக் கடிதம், அக்டோபர் கட்டணப்படி வெளியூருக்கு 47 ரூபாய், பதிவுக்குத் தனியாக 5, அதன்மேல் வரி. நிலத்தகராறில் பங்காளிக்கு நோட்டீஸ் அனுப்புகிற விவசாயிக்கு அந்த வித்தியாசம் வித்தியாசம்தான். டென்மார்க்கில் 2025 டிசம்பரோடு அரசுத் தபால் கடிதம் கொண்டுபோவதையே விட்டுவிட்டது, 1624-ல் தொடங்கியதாம். பெரியப்பாவிடம் சொன்னேன். "அந்த ஊருல கெழவிங்க இல்லியா?" என்றார்.

இடையில் ஒன்று, எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தது. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயும் 632301, ராணிப்பேட்டை தனி மாவட்டமாகியும் 632401, குடியாத்தம் 632602. 1972-ல் பின்கோடு போட்டபோது விழுந்த அந்த 632 அப்படியே கிடக்கிறது. பழைய வட ஆற்காட்டில் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருப்பது தபால்காரர் தலைக்குள்தான்.

பெரியப்பாவுக்குப் பிறகு ஊரில் இரண்டு பேர் வந்து போனார்கள். இப்போது இருப்பது தர்மபுரிப் பக்கத்துப் பெண், 23 வயது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஆன்லைனில் தேர்வு செய்கிறார்கள். நானூற்றி எண்பதுக்கு மேல் வாங்கிய பெண். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ரூம் எடுத்து ஆபீஸ் வைத்திருக்கிறாள். அரக்கும் இல்லை, எழுத்துக் கட்டைகளை மாற்ற யாரும் காத்திருப்பதும் இல்லை. கைபேசி ஒன்று, விரல்ரேகை மெஷின் ஒன்று. சிக்னல் சரியாக வராததால் சில நாள் ஏரிக்கரைப் புளியமரத்தடியில்தான் தபாலாபீஸ். மகளிர் உரிமைத்தொகை எடுக்க அங்கே பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போய் ரேகை தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்காது. அவள் தன் துப்பட்டாவில் அவர்கள் விரலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, மறுபடி வைப்பாள். இப்படி ஒரு ரேகைக்கு ஐந்து நிமிஷம் ஆவதுண்டு.

போன நவம்பரில் நான் அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டு சுபேதார் மாமாவுக்கு உயிர்ச்சான்று எடுக்க அந்தப் பெண் வந்தாள். ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகக் காட்ட வேண்டும். வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்க 70 ரூபாய். எங்கள் திண்ணையில்தான் சிக்னல் கிடைத்தது. ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்து சுபேதார் மாமாவின் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. ரசீதைக் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு அவர் யார் என்று தெரியாது.

"எனக்கு வாணாம்மா. நான் கீறனா இல்லியான்னு கேக்கறவங்க அங்க யாரும் இல்ல" என்றார் பெரியப்பா. பிறகு கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, "பை வந்துச்சா இன்னிக்கு?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்கய்யா. ரெண்டு ஸ்பீடு போஸ்டு, ஒரு பேங்க் லெட்டர். பேங்க் லெட்டர்காரங்க யாருன்னே தெரியல. காளியம்மாள், மேட்டுத்தெருன்னு மட்டும் போட்டிருக்கு. மேட்டுத்தெருவுல மூணு காளியம்மா இருக்காங்களாம்."

பெரியப்பா கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி, கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்து, உறையின் கண்ணாடித்தாள் வழியாகக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களை மெல்லப் படித்தார்.

"இது ஓடைக்கு அந்தண்ட இருக்கற காளியம்மா. ரெண்டாவது மவன் திருப்பூர்ல கீறான். சாயங்காலம் போ, இப்ப மாடு மேய்க்கப் போயிருக்கும்."